மதிலுக்கு வெளியேயும் விரிகிறது செஞ்சி

யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்துவிட்டது மலைக்கோட்டை. அதைத் தாங்கி நிற்கும் பாறைக்கும் சுனைக்கும் காட்டுக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் அடுத்து என்ன?

ராஜகிரியின் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று நினைக்கும்போது, மலை பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கோட்டையின் கடைசி வாசல். நடுவே ஒரு சிறு பாலம். மூச்சு வாங்க ஏறி வந்த கல்லூரிப் பிள்ளைகள் பாலத்தின் நடுவில் நின்று கைபேசியை உயர்த்துகிறார்கள். பின்னால் வரும் பாட்டி, பேரனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தபடி கீழே பார்க்காமல் கடக்கிறார். தின்பண்டப் பை எந்தத் தோளில் தொங்குகிறது என்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நோட்டம் விடுகின்றன குரங்குகள். காற்று வேட்டியையும் துப்பட்டாவையும் பறிக்கப் பார்க்கிறது.

ஒரு காலத்தில் இங்கே இருந்தது மரப்பாலம். ஆபத்து நெருங்கினால் அதை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு எத்தனை ஆயிரம் பேர் படையெடுத்து வந்தாலும், விரல் விட்டு எண்ணக்கூடிய வீரர்கள் இந்த இடத்தில் அவர்களை நிறுத்திவிட முடியும். பிளவை முதலில் எந்த அரசனும் வெட்டவில்லை. அது மலை கொடுத்தது. செஞ்சியின் ரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. இயற்கை பாதிக் கோட்டையைக் கட்டி வைத்திருந்தது. மனிதர்கள் மீதியைக் கட்டினார்கள்.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலக பாரம்பரியக் குழு, 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. ராய்கட், சிவ்னேரி, பிரதாப்கட், சிந்துதுர்க் உட்பட 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. மாமல்லபுரமும் சோழர் கோயில்களும் நீலகிரி மலை ரயிலும் முன்பே பட்டியலில் இருந்தாலும், தமிழ்நாட்டுக் கோட்டை ஒன்று அதில் ஏறியது இதுவே முதல்முறை.

அந்தப் பெயரில் உள்ள 'நிலப்பரப்பு' என்ற சொல்லை நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பட்டம் கிடைத்தது கற்சுவருக்கு மட்டும் அல்ல. சுவரும் மலையும் சேர்ந்த மண்ணுக்கு. செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறி, கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மாலையே திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் விடுவதுதான் அதிகம். ஆபத்தில் இருப்பதும் அதுதான்.

கை மாறிய கோட்டை

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவர் இங்கே முதல் அரணை எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோன்களுக்குப் பிறகு விஜயநகரத்தின் நாயக்கர்கள் வந்தார்கள். இன்று நாம் வியக்கும் மதில்களிலும் மண்டபங்களிலும் களஞ்சியங்களிலும் பெரும்பகுதி அவர்கள் காலத்து வேலை. 1597-ல் இங்கு வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில்கூட இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதிவைத்தார்.

1649-ல் பிஜப்பூர் சுல்தான் படை கோட்டையைப் பிடித்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றி அரண்களை வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம், மராட்டிய நாடே கைவிட்டுப்போகும் நிலையில், தெற்கே ஓடிவந்து செஞ்சியைத் தலைநகராக்கிக்கொண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-ல் தொடங்கிய முற்றுகை, 1698 வரை நீண்டது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார். மராட்டிய அரசு பிழைத்தது. யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக்கு இடம் கிடைத்ததற்கு இந்த எட்டு ஆண்டுகளே பெரிய காரணம்.

அதன் பிறகு வந்தவர்தான் தமிழ்நாடு மறக்காத ராஜா தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டார். இளைஞன் தேசிங்கு மறுத்தான். 1714 அக்டோபரில் நடந்த போரில் அவன் உயிர் போனது. அவன் ஆட்சி ஓர் ஆண்டைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் அவனுடைய குதிரை பாராசாரியும், தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுப் போருக்கு வந்த முஸ்லிம் நண்பன் மோவுத்துகாரனும் கதைப்பாடலாக, தெருக்கூத்தாக, சினிமாவாக இன்றும் வாழ்கிறார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர் என்று கோட்டை மேலும் கை மாறி, பிறகு ஆளரவம் இல்லாத இடமானது.

பெட்டிச் செய்தி: செஞ்சி, சில தகவல்கள்

• மலைகள் மூன்று: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதிலின் மொத்த நீளம் சுமார் 13 கி.மீ.
• மதில் வளைத்து நிற்கும் பரப்பு சுமார் 11 சதுர கி.மீ.
• ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி.
• சாதத்துல்லா கான் பள்ளிவாசல் கட்டப்பட்டது 1717-18-ல். வெங்கட்ரமணர் கோயிலும் அதே கோட்டைக்குள்தான் இருக்கிறது.
• புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை.
• இந்தியாவிலிருந்து உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறிய 44-வது இடம்.

பாறையே முதல் மதில்

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, செஞ்சியை நெருங்க நெருங்க நிலம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். நெல்வயலும் மல்லாட்டைக் கொல்லையும் ஓடிக்கொண்டிருக்கும் சமவெளியில், உருண்டைப் பாறைகளைக் குவித்தாற்போல் குன்றுகள் எழும்பும். யாரோ அடுக்கியது போலத் தோன்றினாலும், ஒரு கல்கூட வெளியிலிருந்து வந்ததில்லை.

இந்தக் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமிக்கு அடியில் உருகி இறுகியது. மேலே இருந்த பாரம் காலப்போக்கில் அரிக்கப்பட்டு, பாறை வெளிப்பக்கமாக விரிந்தபோது குறுக்கும் நெடுக்கும் விரிசல் விட்டது. விரிசல் வழியே மழைநீர் இறங்கியது. மூலை முனைகளெல்லாம் கரைந்து, நடுப்பகுதி உருண்டையாக நின்றது. சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போனது. மிச்சம்தான் இன்று யானை அளவிலும் வீடு அளவிலும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் பாறைகள்.

கோட்டை கட்டியவர்கள் இந்தப் பாறைகளைத் தள்ளிவிடவில்லை. இரண்டு பாறைக்கு நடுவே இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சுவர் வைத்தார்கள். கிருஷ்ணகிரி ஏறும்போது கவனியுங்கள்: எது மலை, எது மதில் என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. பீரங்கிக்கு அசையாத சுவர் வேண்டும் என்றால், பாறையைவிட நல்ல கொத்தனார் யார்?

தண்ணீரும் இப்படித்தான். மழைக்காலத்தில் வழுக்குப் பாறையில் விழும் ஒவ்வொரு துளியும் எங்கே ஓடும் என்று தெரிந்து, அங்கெல்லாம் குளம் வெட்டினார்கள். மேலே சுனைகள், அடிவாரத்தில் யானைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம். மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் பதித்து, கல்யாண மகாலின் மேல்மாடி வரை தண்ணீர் ஏற்றினார்கள். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கியது வாளும் பீரங்கியும் மட்டும் அல்ல. களஞ்சியத்தில் நெல் இருந்தது, சுனையில் தண்ணீர் இருந்தது.

கோட்டைக்கு மூத்த ஊர்கள்

கோட்டையைவிட வயதில் மூத்தவை சுற்றுக் கிராமங்கள்.

ஊருக்கு வடக்கே திருநாதர்குன்று. ஏறிப்போனால் ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கேயே பாறையில் ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த இடம் இது என்கிறது. இளையபடாரர் என்ற இன்னொருவர் 30 நாள் நோன்பிருந்ததைச் சொல்லும் கல்வெட்டும் உண்டு. சமணம் இங்கே கல்லோடு முடிந்துபோகவில்லை. இதே வட்டாரத்தின் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது. ஊர் ஊராகச் சமணக் குடும்பங்கள் விவசாயம் பார்த்துக்கொண்டு வாழ்கின்றன.

இன்னும் கொஞ்சம் போனால் சிங்கவரம். குன்றின் பாறையைக் குடைந்த பல்லவர் காலக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கிறார் அரங்கநாதர். போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு விடைபெற வந்தபோது, போகாதே என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். கல்லில் செதுக்கியவர் யாரோ, கதையைச் செதுக்கியது இந்த மக்கள்.

மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். அங்கேயும் பல்லவர் குடைந்த சிவன் கோயில் உண்டு. ஆனால் மேலச்சேரியின் பெரும்புகழ் திரௌபதி அம்மனால் வந்தது. வட தமிழகம் முழுவதும் பரவியிருக்கும் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு இந்த ஊரையே மூலஸ்தானமாகக் கருதுகிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட பெருநூலில், பாரதக் கதை செஞ்சியில் தொடங்கிக் குருக்ஷேத்திரம் வரை எப்படிப் போகிறது என்று விரிவாக ஆராய்ந்தார். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாரதம் படிப்பதையும், ராத்திரி கூத்தையும், தீமிதியையும் பார்த்தவர்களுக்கு, செஞ்சி இறந்துபோன ஊர் அல்ல என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்டது இந்தக் குகையில்தான். தமிழகத்துக் கற்கோயில் மரபைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தச் சிற்றூரைத் தொடாமல் போக முடியாது. தளவானூர், பனமலை என்று பல்லவர் கைவரிசை தொடர்கிறது. செத்தவரையிலும் கீழ்வாலையிலும் அவர்களுக்கெல்லாம் முந்தைய மனிதர்கள் பாறையில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன.

ஆக, ஓவியம், சமணர் தவம், பல்லவர் குடைவரை, கோன்களின் அரண், கூத்து எல்லாம் ஒரே பாறையை நம்பி வந்தவை. ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரத்தில், மனிதன் கல்லோடு கொண்ட உறவின் முழு வரலாறும் கிடக்கிறது.

காடும் ஆறும்

குன்றுகள் வெறும் மொட்டைப் பாறைகள் அல்ல. இடுக்குகளில் சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி, காரை, சூரை. கொஞ்சம் மண் சேர்ந்த இடத்தில் வேம்பும் ஆலும். வெயில் ஏறினால் பாறை ஓணான்கள் தலையாட்டும். மாலையில் மயில் அகவும். கோட்டைக்கு மேற்கேயும் பாக்கம் மலைப் பக்கமும், சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சங்கள் நிற்கின்றன. கோடையிலும் இலை உதிர்க்காத இந்தக் குட்டை மரக்காடு, ஒரு காலத்தில் கடற்கரை மாவட்டங்கள் எங்கும் இருந்தது. இன்று திட்டுத்திட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

இந்த மலைச்சரிவுகளில்தான் சங்கராபரணி பிறக்கிறது. வராக நதி, செஞ்சியாறு என்றெல்லாம் பெயர் உண்டு. வீடூர் அணையை நிரப்பி, வழியெல்லாம் ஏரிகளுக்குத் தண்ணீர் கொடுத்து, புதுச்சேரி வட்டாரத்தைத் தாண்டிக் கடலில் சேருகிறது. செஞ்சிக் குன்றில் ஒரு காடு அழிந்தால் அதன் கணக்கு வீடூர் பாசன விவசாயியின் வயலில் தெரியும்.

பட்டத்துக்குப் பின் என்ன?

பாரம்பரியப் பட்டம் என்பது பொறுப்பு. அதைப் பலர் சுமக்க வேண்டும். பலன் ஒரு சிலருக்கே போய்ச் சேரும் ஆபத்தும் உண்டு. நான்கு விஷயங்களை இப்போதே பேசித் தீர்க்க வேண்டும்.

முதலாவது, சட்டமும் வீடும். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010-ல் திருத்தப்பட்ட சட்டம் இப்படிச் சொல்கிறது. தடைப் பகுதிக்குள் புதுக் கட்டடம் கூடாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். சின்னத்தைக் காக்க இந்தச் சட்டம் தேவை. ஆனால் 13 கி.மீ. மதில் உள்ள ஊரில் 100 மீட்டர் என்பது எத்தனை குடும்பங்களின் கூரையைத் தொடும் என்று யோசியுங்கள். ஒழுகும் ஓட்டை மாற்ற விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஒருவருக்கு, கோட்டை பெருமையாகத் தோன்றாது, பகையாகத் தோன்றும். அனுமதி தரும் வேலை செஞ்சியிலேயே, தமிழிலேயே, கெடு வைத்து நடக்க வேண்டும். பாரம்பரியத்தைக் காக்கும் முதல் காவலர்கள் மதிலோரம் குடியிருப்பவர்கள். அவர்களை எதிரியாக்கிக்கொண்டு எந்தத் துறையும் எதையும் காத்ததில்லை.

இரண்டாவது, சாலையும் கூட்டமும். திண்டிவனம்–திருவண்ணாமலை சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, கோட்டை நிலத்தை ஊடறுத்துப் போகிறது. பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம். இந்த இரண்டையும் தாங்கும் சாலை, இனி கோட்டைக் கூட்டத்தையும் தாங்க வேண்டும். வாகனங்களை மதிலுக்குத் தொலைவிலேயே நிறுத்தி, அங்கிருந்து சிறு பேருந்தில் அழைத்துவரும் ஏற்பாடு அவசியம். மலைமேல் குடிநீர், கழிப்பறை, நிழல், முதலுதவி வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலை அடிவாரத்திலேயே எண்ணி அனுப்பி, இறங்கும்போது எண்ணி வாங்கலாம். கல்யாண மகால் சுவரில் பெயர் கீறுகிற பழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பேசி நிறுத்த வேண்டும். நாயக்கர் காலச் சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் போனதுதான்.

மூன்றாவது, பிழைப்பு. வருகிறவர் காரில் வந்து, கொண்டுவந்த சாப்பாட்டைத் தின்றுவிட்டு, மாலையே போய்விட்டால் ஊருக்கு என்ன மிச்சம்? குப்பைதான். சிங்கவரத்திலும் மேலச்சேரியிலும் மண்டகப்பட்டிலும் அந்த ஊர்ப் பிள்ளைகளே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறட்டும். இரவு தங்க வீட்டோடு கூடிய அறைகளை மகளிர் குழுக்கள் நடத்தட்டும். அவித்த மல்லாட்டைக்கும் கேழ்வரகு அடைக்கும் கோட்டை வாசலில் முறையான கடைகள் கிடைக்கட்டும். வாரக் கடைசியில் தேசிங்கு கதையை ஒரு தெருக்கூத்துக் குழு கோட்டை அடிவாரத்தில் ஆடினால், கலைஞருக்குக் கூலி, பயணிக்கு ஓர் இரவு, பிள்ளைகளுக்குச் சரித்திரம் என்று மூன்றும் கிடைக்கும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: கல். விழுப்புரம் மாவட்டம் கல்குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் பெயர்போனது. நாம் போடும் சாலைக்கும் கட்டும் வீட்டுக்கும் ஜல்லி வேண்டும் என்பது உண்மை. அந்த ஜல்லியில் பிழைக்கும் தொழிலாளர்களும் உண்மை. ஆனால் எந்தக் குன்றை உடைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற வரைபடம் நம் கையில் இருக்க வேண்டும். தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கலாம். பக்கத்துக் குன்றில் இன்னும் யாரும் கண்டுபிடிக்காத பாறை ஓவியத்துக்கு யார் பாதுகாப்பு? வெடி வைத்த அதிர்வு மதிலின் பழைய இணைப்புகளுக்குள் போவதை எந்தக் கம்பிவேலியும் தடுக்காது. இடிந்த மதிலைத் திரும்பக் கட்டலாம். 250 கோடி ஆண்டு எடுத்துக்கொண்டு உருண்ட பாறையை ஜல்லியாக்கிவிட்டால், அதைத் திரும்பச் செய்ய எந்த அரசாலும் முடியாது.

பெட்டிச் செய்தி: இரண்டு நாள் கொடுங்கள்

முதல் நாள்: விடியலில் ராஜகிரி. பிற்பகலுக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை என்பதால் காலையே நல்லது. வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில், உச்சியில் அரங்கநாதர் கோயில், பீரங்கி. இறங்கி வந்து கல்யாண மகால், களஞ்சியம், வெங்கட்ரமணர் கோயில், பள்ளிவாசல். மாலையில் செட்டிக்குளக் கரை. தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் மேடை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் நாள்: காலையில் கிருஷ்ணகிரி, குவிமாடங்கள் கொண்ட சபா மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். பிறகு திருநாதர்குன்று, சிங்கவரம், மேலச்சேரி. திரும்பும் வழியில் மண்டகப்பட்டு.

எப்போது: கார்த்திகை முதல் மாசி வரை. குளங்களில் தண்ணீர் இருக்கும், பாறை சுடாது. ஈரப் பாறையில் மட்டும் எச்சரிக்கை.

எப்படி: அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம். அங்கிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் அடிக்கடி பஸ் உண்டு.

பெயர் யாருடையது?

பட்டம் மராட்டியர் பெயரில் வந்ததில் சிலருக்கு வருத்தம் உண்டு. கோன்களும் நாயக்கர்களும் கட்டியதற்கு இன்னொருவர் பெயரா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சண்டையில் இல்லை, சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது. இடையர் தலைவன் தொடங்கி, தெலுங்கு பேசிய நாயக்கர் வளர்த்து, பிஜப்பூர் சுல்தானும் சிவாஜியும் முகலாயரும் பலப்படுத்தி, ராஜபுத்திர இளைஞன் தேசிங்கு உயிர் கொடுத்து, தமிழ்க் கூத்துக் கலைஞர்கள் நினைவில் காத்த கோட்டை இது. அதற்கு ஒரே ஒரு சொந்தக்காரரைத் தேடினால் கதை சிறுத்துப்போகும். கோட்டை வாசலில் இந்த முழுக் கதையையும் தமிழில் சொல்லும் ஒரு நல்ல அருங்காட்சியகம் எழ வேண்டும். அதில் சமணரின் குன்றும் பல்லவரின் குகையும் மேலச்சேரியின் அம்மனும் இடம்பெற வேண்டும்.

கோட்டை ஒரு துறையிடம், காடு ஒரு துறையிடம், கனிமம் ஒரு துறையிடம், கோயில் ஒரு துறையிடம், ஏரி ஒரு துறையிடம். செஞ்சியின் சிக்கல் இதுதான். பாறை இந்தப் பிரிவினையை அறியாது. மூன்று மலைகளையும் சுற்றுக் குன்றுகளையும் நீர்நிலைகளையும் கிராமங்களையும் ஒரே நிலப்பரப்பாக எடுத்துக்கொண்டு, ஊராட்சிகளையும் உட்கார வைத்து, ஒரே திட்டம் வகுக்க வேண்டும். எந்தக் குன்றில் உளி படலாம், எதில் படக்கூடாது என்பதை அந்தத் திட்டம் எழுத்தில் சொல்ல வேண்டும். அதை மக்கள் முன்னால் வைத்து, கிராமசபையில் விவாதித்து, அவர்கள் சம்மதத்தோடு நிறைவேற்ற வேண்டும். யுனெஸ்கோ தந்த பட்டத்தைச் செஞ்சி வட்டாரம் முழுவதும் பங்குபோட்டுக்கொள்ள இதைத் தவிர வேறு வழி இல்லை. குன்றுகள் முழுசாக இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.